மலையில் வீடு வாங்கலாமா? பனி ஊரில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து சொல்கிறேன்



ஸ்விட்சர்லாந்திலிருந்து நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், பனியில சறுக்குனீங்களா?" இல்லையம்மா. அறுபத்தேழு வயதில் முழங்காலைப் பணயம் வைக்கிற தைரியம் எனக்கில்லை. "பெரிய ஹோட்டல்ல தங்குனீங்களா?" அதுவும் இல்லை. ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். அந்த வீட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 45 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் தம்பி மகன் ஒரு யோசனை வைத்திருக்கிறான். எல்லோருமாகப் பங்கு போட்டுக் கொடைக்கானலில் ஒரு அபார்ட்மென்ட் வாங்க வேண்டுமாம். "அத்தை, வருஷம் ஒரு தடவை எல்லாரும் கூடலாம். விலையும் ஏறும்" என்றான். மகளைப் பார்க்க விமானம் ஏறும் முன் நானும் தலையாட்டிவிட்டேன். பணிக்கொடைப் பணத்தில் மிச்சம் இருப்பதைத் தருகிறேன் என்றும் சொன்னேன். இப்போது வேண்டாம் என்கிறேன். குழுவில் நாலு வரியில் சொன்னால் மனஸ்தாபம்தான் வரும். அதனால் இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வரைபடம். சூரிச்சில் ரயில் ஏறி, பெர்ன், இன்டர்லாக்கன், லவுட்டர்ப்ருன்னன் என்று மாறி மாறிப் போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் வெங்கென் என்ற ஊர் வருகிறது. லவுட்டர்ப்ருன்னன் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். அந்தச் சுவருக்கு மேலே, சுவரில் அடித்த பரண் மாதிரி ஒரு மேட்டில் இருக்கிறது வெங்கென். ஊருக்குக் கார் போகாது. காரைக் கீழே நிறுத்திவிட்டு, 1893ல் திறந்த பல்சக்கர ரயிலில்தான் ஏற வேண்டும். நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைப் பார்த்ததும் எனக்கு மேட்டுப்பாளையம் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊட்டி ரயிலின் பல்சக்கர முறையை வடிவமைத்த ரோமன் ஆப்ட் ஒரு ஸ்விஸ் பொறியாளர். அந்தப் பாதைக்கான நீராவி எஞ்சின்களும் இந்த நாட்டின் விண்டர்தூர் நகரத்தில் செய்து வந்தவைதான். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மறந்தவர்கள் இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி. வெங்கெனின் உயரம் 1,274 மீட்டர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். உயரமான கொடைக்கானலில் ஏன் பனிக்கட்டி மழை பெய்து மூடுவதில்லை, தாழ்வான வெங்கெனில் ஏன் இடுப்பளவு பனி கிடக்கிறது? அட்சரேகை என்று சொன்னவருக்கு முழு மதிப்பெண். நாம் 10 டிகிரியில் இருக்கிறோம். அவர்கள் 46 டிகிரிக்கு மேலே.

நாங்கள் போனது ஜனவரி கடைசியில். லவுபர்ஹார்ன் என்ற புகழ்பெற்ற பனிச்சறுக்குப் போட்டி ஜனவரி நடுவில் அங்கே நடக்கும். 1930ல் தொடங்கியது. நாலரை கிலோமீட்டர் சரிவு, உலகக் கோப்பைப் போட்டிகளிலேயே மிக நீளமானது. அந்தக் கூட்டம் கலைந்து, பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன் ஒரு இடைவெளி. வாடகை குறைவு என்று என் மாப்பிள்ளை அந்த வாரத்தைப் பிடித்தார்.

வாடகை சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை. விளம்பரத்தில் 'மூன்றரை அறை வீடு' என்று போட்டிருந்தது. அரை அறை எப்படி இருக்கும், பாதிச் சுவர்தான் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே போனேன். சாப்பிடும் இடத்தோடு சேர்ந்த கூடத்துக்கு அங்கே அப்படிக் கணக்கு. மரவீடு. மாடி முழுவதும் எங்களுக்கு. கீழே வீட்டுக்கார அம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா அந்த மலை ரயிலில் வேலை பார்த்தவராம்.

மேஜை மேல் ஒரு கோப்பு இருந்தது. வீட்டு விதிகள். சறுக்குக் கட்டையையும் பூட்ஸையும் கீழே அதற்கான அறையில் வைக்க வேண்டும், மாடிக்குக் கொண்டுவரக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. கண்ணாடி பாட்டில் தனி, காகிதம் தனி, குப்பை தனி. ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊருக்குத் தனி வரி. கடைசி நாள் காலை பத்து மணிக்குள் பாத்திரம் கழுவி, குப்பையை வெளியேற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். கூடவே ஒரு பட்டியல்: ஆறு கரண்டி, ஆறு முள்கரண்டி, ஆறு கத்தி, பாலாடைக்கட்டி உருக்கும் சட்டி ஒன்று. நாற்பது பேர் வகுப்புக்கு நாற்பது அட்லஸ் எண்ணி வாங்கிய எனக்கு இதெல்லாம் பிடித்துப்போனது. ஆனால் இட்லிச் சட்டி இல்லை. அதை நானே கொண்டுபோயிருந்தேன், குக்கரோடு.

அந்தக் குக்கர்தான் எங்களை அந்த அம்மாவோடு சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பொங்கலுக்கு வைத்தேன். மரவீட்டில் குக்கர் விசில் அடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது விசிலுக்குக் கதவு தட்டும் சத்தம். அந்த அம்மா வீட்டு உடையோடு, முகமெல்லாம் பயத்தோடு நிற்கிறார். கொதிகலன் வெடிக்கப்போகிறது என்று நினைத்துவிட்டாராம். என் மகள் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டாள். நான் ஒரு கிண்ணம் பொங்கலை நீட்டினேன். மிளகைக் கடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது. மறுநாள் மாலை ஆப்பிள் பணியாரம் ஒன்றோடு மேலே வந்தார். அதன்பின் தினமும் பேச்சு, நடுவில் மகள் மொழிபெயர்ப்பாளர்.

பகலில் மகளும் மாப்பிள்ளையும் ரயிலேறி க்ளைனெ ஷைடெக் வரை போய்ச் சறுக்கிவிட்டு வருவார்கள். அது 2,061 மீட்டர், கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் உயரம். மூன்றரை வயதுப் பேரன் ஊர் நடுவிலேயே இருக்கும் குட்டிச் சரிவில் விழுந்து விழுந்து எழுவான். நான் பால்கனியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே யுங்ஃப்ராவ் சிகரம். மாலையில் பனி முழுக்க இளஞ்சிவப்பாகும். நாற்பது வருடமாகக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த மலையை நேரில் பார்த்தபோது கண் கலங்கியது உண்மை.

இருட்டிய பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய மரக் கட்டடம். பன்னிரண்டு வீடுகள் என்று பால்கனியை எண்ணித் தெரிந்துகொண்டேன். அதில் இரண்டில்தான் வெளிச்சம். மற்றவற்றில் ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு சாத்திக் கொண்டி போட்டிருந்தது. சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு, திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. வெள்ளிக்கிழமை மூன்று. இது புள்ளிவிவரம் இல்லை, ஒரு பாட்டி பால்கனியிலிருந்து எண்ணியது. ஆனால் உலகமே வந்து பார்க்கிற ஊரில், பனி நன்றாகக் கிடக்கிற ஜனவரியில், கட்டடத்தில் முக்கால்வாசிக்கு மேல் இருட்டு.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அதற்கு ஜெர்மனில் ஒரு பெயரே இருக்கிறது என்றார். 'கால்ட்டெ பெட்டன்.' குளிர்ந்த படுக்கைகள். வெளியூர்க்காரர்கள் வாங்கி வைத்து, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம், பிப்ரவரியில் ஒரு வாரம், கோடையில் ஒரு வாரம் வந்து போகிற வீடுகள். மீதி 49 வாரமும் பூட்டு. ஆள் இல்லாவிட்டாலும் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சூடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிற அந்தச் சில வாரங்களுக்காக ஊர் முழுவருடமும் பெரிய குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் பராமரிக்க வேண்டும்.

அந்த அம்மாவின் இரண்டு பையன்களும் இப்போது தூன் நகரத்தில். ஒருவன் தச்சுவேலை செய்கிறவன். இதே ஊரில் எத்தனையோ பால்கனிகளுக்கு மரம் இழைத்தவன். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது குடியிருக்க இங்கே கட்டுப்படியாகிற வீடு கிடைக்கவில்லை. "சின்ன வயசுல எங்க தெருவுல யார் வீட்டுல என்ன சமையல்னு வாசனையிலயே சொல்லிடுவேன். இப்ப உங்க வீட்டு வாசனை ஒண்ணுதான் வருது" என்றாராம். மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை மாலை சாமான் வாங்கக் கீழே போகும் ரயிலில் ஒரு தமிழ்க்குரல். யாழ்ப்பாணத்துக்காரர். ஹோட்டல் சமையலறையில் வேலை முடித்து இன்டர்லாக்கனில் இருக்கும் வீட்டுக்குப் போகிறார். பல வருடமாக இப்படித்தான், தினமும் ஏறி இறங்குகிறார். "ஏன் தம்பி, மேலேயே ஒரு வீடு பார்க்கக் கூடாதா?" என்றேன். "எங்கயம்மா, முதல்ல வீடு இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு! இருக்கிற வீடெல்லாம் பூட்டிக் கிடக்குது" என்று சிரித்தார். பனி அதிகம் விழுகிற நாளில் கடைசி ரயிலை விட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே பாத்திரம் கழுவுவாராம்.

இதை அந்த நாட்டு மக்களும் பார்த்திருக்கிறார்கள். 2012 மார்ச் 11 அன்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. சுற்றுச்சூழல் போராளி ஃபிரான்ஸ் வேபர் முன்னெடுத்தது. எந்த ஊரிலும் மொத்த வீடுகளில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கோரிக்கை. 50.6 சதவீதம் பேர் ஆதரித்து, மயிரிழையில் வென்று, அரசியலமைப்பிலேயே ஏறியது. 2016 ஜனவரி 1 முதல் தனிச் சட்டமும் வந்தது. அந்த வரம்பைத் தாண்டிய ஊர்களில் புதிதாக இரண்டாம் வீடு கட்ட அனுமதி கிடையாது.

இங்கே மறுதரப்பையும் சொல்ல வேண்டும். வாலே, க்ரவுபுண்டன், டிச்சினோ போன்ற மலை மாநிலங்கள் அந்த வாக்கெடுப்பில் எதிர்த்தே வாக்களித்தன. என் மாப்பிள்ளையும் அந்தக் கட்சிதான். "அத்தை, அந்த வீடுகளைக் கட்டினதாலதானே கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியனுக்கெல்லாம் வேலை கிடைச்சுது? காசு குடுத்து வாங்கினவன் பூட்டி வைக்கிறான், திறந்து வைக்கிறான், நமக்கென்ன?" என்று கேட்டார். முதல் பாதி நியாயம். மேய்ச்சலை மட்டும் நம்பியிருந்த மலை ஊர்களுக்குப் பணம் வந்தது பனிச்சறுக்கால்தான். சட்டத்திலும் ஓட்டை உண்டு. 2012க்கு முன் கட்டிய வீட்டை யாருக்கும் விற்கலாம், விடுமுறை வீடாகவும் மாற்றலாம். புதிதாகக் கட்ட முடியாததால் பழைய வீட்டின் மேல் வெளியூர்ப் பணம் இன்னும் அதிகமாக விழுகிறது என்று உள்ளூர்க்காரர்களே குறைப்படுகிறார்கள்.

ஆனால் இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. புவியியல் டீச்சராகச் சொல்கிறேன். மலையில் எல்லா நிலமும் நிலம் இல்லை. பாதி பாறை. மீதியில் ஒரு பகுதி பனிச்சரிவு வருகிற வழி, அங்கே கட்டக் கூடாது என்று வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். வெங்கென் ஒரு பரண் என்றேன் அல்லவா? பரணில் இடம் எவ்வளவு இருக்கும்? அங்கே பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு தச்சரின் வீடு, ஒரு சமையல்காரரின் வீடு, பள்ளியில் ஒரு குழந்தையின் இடம். காசு கொடுத்தவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்கான செலவை வேறு யாரோ தினமும் ரயிலில் ஏறி இறங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் வெளியூர்க்காரர்கள் மலைக்கே போகக் கூடாதா? போகலாம். நாங்கள் தங்கிய வீட்டையே பாருங்கள். வீட்டுக்காரர் கீழே குடியிருக்கிறார், மாடி வாராவாரம் ஆள் மாறுகிறது. உரிமையாளர் அதே வீட்டில் இருந்துகொண்டு விருந்தினருக்கு விடும் வீட்டை அந்தச் சட்டமும் அனுமதிக்கிறது. படுக்கை குளிர்ந்து போவதில்லை. ஒரு குடும்பம் வாங்கிப் பூட்டினால் மூன்று வாரம் பயன்படுகிற அதே மாடியில் வருடத்துக்கு முப்பது குடும்பம் யுங்ஃப்ராவைப் பார்த்துவிட்டுப் போகலாம். வாடகைப் பணம் அந்த ஊரில் குடியிருக்கும் ஓர் அம்மாவின் கைக்குப் போகிறது. நாங்கள் எண்ணி வாங்கிய ஆறு கரண்டியை எண்ணித் திருப்பிக் கொடுத்தோம். பூட்டு, வரி, கூரை ரிப்பேர், எந்தக் கவலையும் எங்கள் கூட வரவில்லை.

ஆகவே தம்பி மகனே, என் பதில் இதுதான். கொடைக்கானலும் ஒரு பரண்தான். வெயில் காலத்தில் அங்கே தண்ணீருக்கு என்ன பாடு என்று மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வாங்கித்தான் மேலே போகிறோம். அங்கே பூட்டி வைக்க இன்னொரு வீடு வேண்டாம். வருடா வருடம் எல்லோரும் கூடுவோம். வீட்டுக்காரர் குடியிருக்கிற வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுப்போம். முதல் வருட வாடகை என்னுடையது. விலை ஏறும் என்றாய். ஏறும்தான். யாருக்கு ஏறும் என்பதைத்தான் அந்த ரயிலில் பார்த்தேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் வீட்டை மறைக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஊரில் அவர் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அவர் 2017ல் போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. பொங்கலுக்கு ஒரு நாள் போய்க் கூட்டித் துடைத்து, அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்துவிடுவேன். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருப்பவள் என் மாணவிதான். இரண்டு வருடத்துக்கு முன் கேட்டாள். "டீச்சர், அந்த வீட்டை வாடகைக்குத் தருவீங்களா? தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றேன். நைட் டூட்டின்னா ரொம்பச் சிரமமா இருக்கு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது அவர் நினைவா வச்சிருக்கேம்மா, யாருக்கும் விடுறதில்ல." அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரிங்க டீச்சர் என்று போய்விட்டாள்.

வெங்கெனில் வெள்ளிக்கிழமை இரவு கடைசியாக ஜன்னல்களை எண்ணியபோது அவள் முகம்தான் வந்தது. எதிர்க் கட்டடத்து முதலாளிகள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும், என்னுடையதைப் போலவே நியாயமாகத் தோன்றுகிற காரணம். பூட்டிய வீட்டில் நினைவு என்ன வாழ்ந்துவிடப் போகிறது? கரையானும் எலியும்தான் வாழ்கின்றன. அவர் இருந்திருந்தால் நைட் டூட்டி முடித்து வரும் பெண்ணைப் பஸ்ஸுக்கு நிற்க விட்டிருக்க மாட்டார்.

போன வாரம் அவளுக்குப் போன் போட்டேன். கொழுந்தனாரிடம் இருக்கும் மாற்றுச் சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாடகை அவள் சொல்வதுதான். அவர் படம் கூடத்திலேயே இருக்கட்டும் டீச்சர், நான் பூ வைக்கிறேன் என்றாள்.

உங்களில் பலர் இன்று பெரிய நிலையில் இருக்கிறீர்கள். சென்னையில், பெங்களூரில், துபாயில், நியூஜெர்சியில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஊரில் பூட்டிய வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த ஊரில் வீடு கிடைக்காமல் பஸ்ஸில் வந்து போகும் வாத்தியார், நர்ஸ், வி.ஏ.ஓ. யாராவது உண்டா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து கீழே எழுதுங்கள். என் கருத்து தவறு என்றாலும் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் மதிப்பெண் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் புவியியல் டீச்சர்